நெஞ்சுப் படம், கிலோ கணக்கில்

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று வேலூரைச் சொல்வார்கள்.
நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்:
சுரங்கம் இல்லாத வெள்ளி.

கொணவட்டம் தாண்டித் தகரக் கொட்டகை.
மூன்று டிரம், ஓர் அடுப்பு, காஸ்டிக் சோடா,
முழங்கை வரை ரப்பர் உறை.
ஏலத்தில் எடுத்த பழைய எக்ஸ்ரே
மூட்டை மூட்டையாய் வந்திறங்கும்.
இடுப்பு, முழங்கால், தாடை, மண்டை,
அதிகம் நெஞ்சு.
எல்லாம் ஒரே விலை.

மூலையில் பெயர், காகித உறையில் ஊர்.
அசன்சோல் சுப்ரதா மண்டல், 29.
பேரணாம்பட்டு ஹபீபுன்னிசா, 41.
சித்தூரிலிருந்து ஒன்று, இன்னும் பெயர் வைக்காதது:
நாகவேணியின் குழந்தை, மூன்று நாள்.
கொஞ்ச காலம் படித்தேன்.
எடைக் கணக்குத் தப்பியது. விட்டுவிட்டேன்.

சொன்னால் யாரும் நம்புவதில்லை:
வெள்ளையாய்த் தெரிகிற இடத்தில் வெள்ளி கிடையாது.
எலும்பில் இல்லை. சளியில் இல்லை. கட்டியில் இல்லை.
காற்று நிறைந்து கறுத்த இடம் இருக்கிறதே,
அங்கேதான் அத்தனையும்.
நல்ல நுரையீரல், நல்ல விளைச்சல்.

உருக்கிய கட்டியை லாங் பஜாரில்
கேவல்சந்த் சேட்டுதான் எடுப்பார்.
ஒருநாள் கல்லாவுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்,
ஒரு பக்கம் தேய்ந்த ஆற்காட்டு ரூபாய்.
பாரசீக எழுத்து, சின்னதாய் ஒரு தாமரை.
ஆற்காட்டில் எந்தக் காலத்தில் வெள்ளி விளைந்தது?
கடலுக்கு அப்பால் ஏதோ மலையைக் குடைந்து,
எவன் மூச்சோ முட்டி,
கப்பலேறி வந்து, உருகி,
எங்கள் பெயரைக் குத்திக்கொண்டு புழங்கியிருக்கிறது.
அப்புறம் யாருக்கோ அரைஞாண்,
யாருக்கோ கொலுசு, அடகு, வட்டி,
மூழ்கிப்போய் மறுபடி உருகி
ஒருவேளை இந்தப் பிலிமில் பூசப்பட்டு
யாரோ ஒருவர் நெஞ்சுக்கு முன்னால் நின்றிருக்கும்.
மூச்சை இழுங்க.
அப்படியே பிடிங்க.

பங்குனியில் வந்த மூட்டையில் ஒரு படம்.
து. ஏகாம்பரம், 51. மாரிக்குப்பம், தங்கவயல்.
குடியாத்தம் பக்கமிருந்து
கோலார் குழிக்கு ரயிலேறிய சனத்தின் பேரப்பிள்ளையாய் இருக்கலாம்.
இரண்டு பக்கமும் வெள்ளை,
மாவு சலித்துவிட்டுத் தட்டாத முறம்போல.
பாறைத் தூள்.
தங்கம் எங்கெங்கோ போயிற்று,
கல் இவரிடமே நின்றுவிட்டது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி
"இதுல ஒண்ணும் தேறாது" என்றார்.
பொய்யில்லை.
மூக்குத்தித் திருகாணிக்குக்கூடக் காணாது.

டிரம்மில் போடவில்லை நான்.
ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.
கதவிடுக்கில் காற்று வராமல் செருகிவைத்தேன்,
அதற்காவது ஆகட்டும் என்று.

கிரகணத்தன்று தெருப் பிள்ளைகள்
பிலிம் கேட்டு வந்து நின்றார்கள்.
அவசரத்தில் கைக்கு ஏகாம்பரம்தான் கிடைத்தார்.
நஸ்ரீன் அவர் விலாவுக்குள் சூரியனைத் தேடினாள்.
"அக்கா, இந்த எடத்துல கண்ணு கூசுது."
தள்ளிப் பிடி என்றேன்.
இன்னும் கொஞ்சம், கீழே, ஓரமாக.
அங்கே ஒரு கையகலம்
கறுப்பு மிச்சம் இருந்தது.
"தெரியுது! வெட்டிப்போட்ட நகம் மாதிரி."
மற்றதுகள் பிடுங்கப் பார்த்தன. அவள் தரவில்லை.

இப்போதெல்லாம் படம் போனுக்கே வந்துவிடுகிறது.
வாரத்துக்கு ஒரு மூட்டை வந்தால் பெரிது.
பழைய மதர்போர்டு எடுக்க
முதலாளி பெங்களூரில் பேசிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஆடியிலிருந்து இருமல்.
போய் ஒரு படம் எடுத்துப் பார் என்கிறாள் ஓரகத்தி.
எடுக்கலாம்.
மூச்சை இழுத்து, பிடித்து, விட்டால்
போனில் வந்து நிற்கும்.
தராசில் நிற்காது.

வெள்ளிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.